ஜேர்சி வாக்கின் முன்வாசல்

1

இன்று காலை கவுன்சில் அனுப்பிய இளைஞன் ஒருவன் வந்து எங்கள் முன்கதவில் இருந்த பதினேழாம் இலக்கத்தைக் கழற்றினான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளால் நடந்துபோய், பின்பக்கத்துக் குசினிக் கதவில் வைத்து முடுக்கினான். "இனி இதுதான் உங்கள் முன்கதவு" என்றான். தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன். நேரமில்லை, பின்னேரத்துக்குள் இந்த வரிசை முழுவதையும் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

வீட்டைத் திருப்புவது என்றால் ஊரில் இருக்கிற உங்களுக்கு விளங்காது. எனக்கும் முதலில் விளங்கவில்லை. கல்லும் சீமெந்தும் இருந்த இடத்திலேயே இருக்கும். முன்பக்கத்தைப் பின்பக்கம் என்றும் பின்பக்கத்தை முன்பக்கம் என்றும் கந்தோரில் இருந்துகொண்டு மாற்றி எழுதுவார்கள். அதற்குத்தான் இங்கே அந்தப் பெயர். இதைச் சொல்வதென்றால் நாங்கள் குடியிருக்கிற நகரத்தின் சரித்திரத்தை முதலில் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், பெரிய சரித்திரம் இல்லை. என்னைவிட வயது குறைந்த நகரம்.

லோங்மீட் லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. குட்மேய்ஸில் பஸ் ஏறினால் அரை மணித்தியாலம். அறுபதுகள் வரைக்கும் இது ஒரு மாட்டுப் பண்ணை. ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக இங்கே மாடு வளர்த்து லண்டனுக்குப் பால் அனுப்பியிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் வீடிழந்தவர்களும் இடிந்த வீடுகளில் நெருங்கிக் கிடந்தவர்களும் நகரத்துக்குள் நிறைந்துபோக, பண்ணையை வாங்கி அதில் புதுநகரம் ஒன்று கட்டுவதென்று முடிவானது. மாடுகள் போய் மனிதர்கள் வந்தார்கள். மாட்டு இனங்களின் பெயர்களைத் தெருக்களுக்கு வைத்துவிட்டார்கள். நாங்கள் இருப்பது ஜேர்சி வாக் என்ற தெரு. முதன்முதலில் விலாசம் எழுதி அனுப்பியபோது, என் மனைவியின் தம்பி கொழும்பிலிருந்து இப்படிப் பதில் போட்டிருந்தான்: "அத்தான், ஜேர்சி எண்டா பசுமாடெல்லே? உங்களுக்கு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலையோ வீடு தந்திருக்கிறாங்கள்?"

இந்த நகரத்தை வரைந்த மனிதர் ஒரு கொள்கைக்காரர். காரும் மனிதனும் ஒருவரையொருவர் சந்திக்கவே கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனால் ஒவ்வொரு வரிசை வீடுகளுக்கும் ஒரு பக்கம் கார்ப்பாதை, கராஜ், குப்பைத் தொட்டி. மறுபக்கம் புல்வெளி, மரங்கள், நடந்து போவதற்கு மட்டும் ஒரு பாதை. வீட்டின் முகம் நடைபாதையைப் பார்க்கும், முதுகு காரைப் பார்க்கும். பிள்ளைகள் கார்ப் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போவார்கள், பெண்கள் புல்வெளியில் நின்று கதைப்பார்கள், விருந்தினர் பூச்செடிகளுக்கு நடுவால் வந்து முன்கதவைத் தட்டுவார்கள் என்று அவர் நம்பியிருக்கிறார். அவர் செய்வித்த மாதிரி நகரம் ஒன்று எங்கள் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. விரல் நகமளவு மனிதர்கள் எல்லோரும் முன்பக்கத்தில்தான் நிற்கிறார்கள். பின்பக்கத்தில் ஒரு குஞ்சு குருமான்கூட இல்லை.

நடந்தது வேறு. மனிதர்கள் காரில் வந்தார்கள், காரை நிறுத்தினார்கள், எது கிட்டவோ அந்தக் கதவால் உள்ளே போனார்கள். தபால்காரனையும் வோட்டுக் கேட்க வருகிறவர்களையும் தவிர முன்பக்கத்துக்கு ஒருவரும் போவதில்லை. பக்கத்து வீட்டு டொறீன் முதல் வருஷமே இங்கே குடிவந்தவர். அவர் ஒரு கதை சொல்வார். பண்ணையில் ஒரு துண்டு அப்போது விற்கப்படாமல் மிஞ்சி இருந்ததாம். அதில் நின்ற மாடுகள் பின்னேரங்களில் வேலியை முறித்துக்கொண்டு, பழைய பால் கறக்கும் கொட்டில் இருந்த இடத்துக்கு வந்து நிற்குமாம். அந்த இடம் இப்போது எங்கள் கராஜ் முற்றம். மாடுகள்கூட முன்பக்கத்தால் வரவில்லை என்று சொல்லி டொறீன் சிரிப்பார்.

ஜேர்சி வாக் முழுவதிலும் முன்கதவைப் பாவித்தது ஒரே ஒரு வீடுதான். அது எங்களுடையது.

2

எண்பத்தாறில் இந்த வீடு கிடைத்தது. அதுவரைக்கும் பிளேஸ்டோவில் ஒரே அறையில் இருந்தோம், நான், மனைவி பூமணி, ஏழு வயது மகள் சாந்தினி. குளிப்பதற்கு மற்ற அறைக்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். சொந்தமாக ஒரு வீடு தருகிறோம் என்று கவுன்சில் சொன்னபோது, அது எங்கே, எப்படி என்று கேட்கிற நிலையில் நாங்கள் இல்லை.

வீடு காட்ட வந்தவர் எங்களை கராஜ் முற்றத்தால் கூட்டிக்கொண்டு போய்க் குசினிக் கதவைத் திறந்தார். பூமணி அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாந்தினி மேலே ஓடினாள். நான் முன்வாசல் எங்கே என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் இங்கே ஒருவரும் அதைப் பாவிப்பதில்லை என்றார். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சப்பாத்தைக் கழற்றி அடித்துத்தான் திறந்தேன். வெளியே புல்வெளி, ஒரு செரி மரம், ஆள் நடமாட்டம் இல்லை.

"இனி நாங்களும் வாற ஆக்களும் இதாலைதான்" என்றேன்.

"சாமான் பையளோடையுமோ?" என்று பூமணி கேட்டாள்.

"ஓம்."

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். இதை வாசிக்கிற உங்களிலும் பலருக்கு இப்போதே தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்துத் தொழில் சலவை. என் பெரியப்பா ஊர் வீடுகளுக்குப் போய் உடுப்பு எடுப்பார். படலையால் உள்ளே போய், வீட்டுக்குப் பக்கத்தால் சுற்றி, கோடிப்பக்கத்தில் நிற்பார். கோடி என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டின் பின்பக்கம். மூட்டை அங்கேதான் வரும், காசும் அங்கேதான் வரும். நான் படித்தேன். கணித ஆசிரியரானேன். வெள்ளைச் சேட்டும் சைக்கிளுமாக அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே விஞ்ஞானம் படிப்பித்தவர் சிவஞானம். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அவர் என்னை நீர் என்பார், நான் அவரை நீங்கள் என்பேன்.

பள்ளிக்கூடத்துப் பரீட்சைகளுக்கு அவர்தான் பொறுப்பு, அதனால் தாள்களைக் கொடுக்கவும் வாங்கவும் நான் அவருடைய வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முன்பக்கத்தில் பெரிய விறாந்தை, அதில் கதிரைகள். நான் சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டுக் கோடிப்பக்கம் போவேன். சிவஞானம் சிரித்துக்கொண்டு அங்கே வருவார். கிணற்றடியில் ஒரு வாங்கு கிடக்கும், இரண்டு பேரும் அதில் இருப்போம். அவருடைய அக்கா நாகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். சிவஞானத்துக்கு வீட்டுப் பித்தளைப் பேணியில், எனக்குக் கிளாஸில். அந்தக் கிளாஸ் மற்றச் சாமான்களோடு சேராமல் கிணற்றுக்கட்டில் கவிழ்ந்து கிடக்கும்.

சிவஞானம் நல்ல மனுஷன் என்பதுதான் சிக்கல். பகிடி விடுவார், புத்தகம் இரவல் தருவார். எனக்கு வந்த இடமாற்றம் ஒன்றை நிறுத்துவதற்காகக் கல்விக் கந்தோருக்கு அலைந்தவரும் அவர்தான். அவர் ஒரு கொடியவராக இருந்திருந்தால் நான் ஒரே அடியாக வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கோடிப்பக்கத்தைப்பற்றி எங்களுக்குள் ஒரு சொல் பேச்சு நடக்கவில்லை.

சாந்தினிக்கு இதில் ஒன்றையும் சொல்வதில்லை என்று பூமணியும் நானும் தீர்மானித்தோம். சொன்னால் அது அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் வளர்கிற பிள்ளைக்கு நாங்கள் யார், மற்றவர்கள் யார் என்ற அந்தப் பாடத்தை ஏன் எடுக்க வேண்டும்? என்னோடு முடியட்டும் என்று நினைத்தேன். அதன் பலன், தன் அப்பா கதவு விஷயத்தில் ஒரு மாதிரியான ஆள் என்பது மட்டும்தான் பிள்ளைக்குத் தெரிந்தது.

உண்மையில் அது ஒரு தொல்லைதான். ஃபிரிட்ஜ் கொண்டுவந்தவர்கள் புல்வெளியால் தூக்கிவர முடியாது என்று அதை கராஜ் முற்றத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சாந்தினியின் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் சேற்றுச் சப்பாத்தோடு வந்து கம்பளத்தைப் பாழாக்கினார்கள். நான் தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை செய்தேன். நான் வேலைக்குப் புறப்பட்டுப் போனதும் பூமணி பின்கதவைத் திறப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். குடும்பம் என்றால் இப்படித்தானே ஓடும்.

3

சிவஞானத்தைத் திரும்பக் கண்டது லூயிஷாம் சிவன் கோயிலில், செருப்புக் கழற்றும் இடத்தில். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐசே, தங்கராசாவோ?"

நிமிர்ந்தேன். தலை நரைத்து, வயிறு வைத்து, அதே சிரிப்போடு நின்றார். குட்மேய்ஸில் இருக்கிறாராம். பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. விஞ்ஞானம் பெற்றோல் அடிக்கிறது, கணிதம் தபால் பிரிக்கிறது என்று சொல்லிச் சிரித்தோம். எனக்கு அவரைக் கண்டது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

கூப்பிட்ட நிமிடத்திலிருந்து எனக்கு ஒரே ஓர் எண்ணம்தான். சிவஞானம் என் வீட்டு முன்வாசலால் வர வேண்டும், நான் கதவைத் திறந்து "வாங்கோ மாஸ்ரர்" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தொலைபேசியில் வழி சொன்னேன். காரைப் பெரிய றோட்டில் விடுங்கள், நடைபாதையால் வாருங்கள், செரி மரத்துக்கு நேரே சிவப்புக் கதவு என்றேன். ஓம், ஓம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நீட்டுக் காற்சட்டை போட்டு, முன்கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு, முன்னறையில் இருந்தேன். எனக்குப் பின்னால் அவருடைய குரல் கேட்டது. கராஜ் முற்றத்தில் காரை விட்டுவிட்டு, குப்பைத் தொட்டியைத் தாண்டி, குசினிக் கதவைத் தட்டி, பூமணி இடியப்ப மாக் கையோடு திறக்க, உள்ளே வந்துவிட்டார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கணக்கின்படி பார்த்தால் எனக்குத் திருப்தி வந்திருக்க வேண்டும். நான் அவருடைய கோடிக்குப் போனேன், அவர் என்னுடைய கோடிக்கு வந்தார், சரிக்குச் சரி. ஆனால் அவர் அதைக் கோடி என்று நினைத்து வரவில்லை. எது கிட்டவோ அதால் வந்தார். எங்கள் கோப்பையில் தேத்தண்ணி குடித்தார், இன்னொன்று கேட்டு வாங்கினார், இடியப்பமும் சொதியும் வயிறு நிறையச் சாப்பிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரில் அவருடைய வீட்டார் எவரும் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

போகும்போது, அடுத்த முறை முன்னால் வாருங்கள் என்றேன்.

"எதுக்கு ஐசே சுத்தி வாறது? நான் என்ன புது ஆளோ?"

அன்பாகச் சொன்ன சொல்.  பிறகு வருஷக்கணக்காக வந்தார், போனார். தீபாவளிக்கு வந்தார், எனக்குக் காய்ச்சல் என்றபோது கஞ்சி கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தால்தான். என் வீட்டு முன்கதவின் வெளிப்பக்கத்தை அவர் ஒரு தரம்கூடக் கண்டிருக்கமாட்டார்.

4

திட்டம் போட்டவருடைய நடைபாதைகளுக்கு மெல்லமெல்லக் கெட்ட பெயர் வந்தது. ஆட்கள் நடக்காத பாதையில் பற்றைதான் வளரும். விளக்குகளை உடைத்தார்கள். திருடர்களுக்கு முன்பக்கம் வசதியாகப் போய்விட்டது, பார்க்க ஆளில்லை அல்லவா. ஒரு வயதான பெண்ணின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் வீடுகளைத் திருப்புவதென்று கவுன்சில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நடைபாதைகளை மூடி, புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து வீடுகளின் பின்தோட்டமாகக் கொடுப்பது. கராஜ்களை இடித்து அந்தப் பக்கத்தை ஒழுங்கான தெருவாக்குவது. குசினிக் கதவு முன்கதவாகும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒரு இளம் பெண் அதிகாரி படங்களைக் காட்டி விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். எழும்பும்வரை எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். எழும்பிய பிறகு, முன்வாசல் எங்களுக்கு மிகவும் முக்கியம், அதை மாற்ற வேண்டாம் என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அந்தப் பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "இது சமயக் காரணமா?"

இந்த நாட்டுக் கந்தோர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். உங்களுடைய கஷ்டத்தை அவர்கள் உண்மையிலேயே குறித்துக்கொள்ள விரும்புவார்கள். சமயமா, மொழியா, உடல் ஊனமா, இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் போதும். என்னுடையது மூன்றிலும் அடங்காது. நான் ஓம், சமயம்தான் என்றேன். பச்சைப் பொய். அவர் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, உங்கள் சமயப்படி வாசல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கிழக்கு என்றேன்.

"ஆனால் உங்கள் கதவு மேற்கையல்லவா பார்க்கிறது?" என்று டொறீன் முன்வரிசையிலிருந்து சொன்னார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார். மண்டபம் சிரித்தது. பக்கத்தில் இருந்த சாந்தினி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. கை உயர்த்தச் சொன்னபோது, வீட்டைத் திருப்புவதற்கு ஆதரவாகக் கை உயர்த்தினாள். அந்தக் கூட்டத்தில் எதிர்த்து உயர்ந்தது என்னுடைய கை ஒன்றுதான்.

இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். நடைபாதை திரும்புகிற இடத்தில் அவள் நின்றாள்.

"அப்பா, கொலிஜாலை வரேக்கை இந்தப் பாத் எவ்வளவு இருட்டு தெரியுமா? நான் எத்தினை தரம் பயந்து ஓடி வந்திருக்கிறன் தெரியுமா?"

"அப்ப பின்னாலை வந்திருக்கலாமே?"

"நீங்கள்தானே முன்னாலை வரச் சொன்னது."

 என் பிள்ளை வருஷக்கணக்காக இருட்டில் ஓடி வந்திருக்கிறாள், என் சொல்லைத் தட்டக்கூடாது என்பதற்காக. நான் ஒருநாளாவது அதை நினைத்துப் பார்த்ததில்லை. இன்னும் சின்னப் பெண் என்றுதான் மனதில் இருந்திருக்கிறது.

"இற்ஸ் ஜஸ்ற் எ டோர், அப்பா. ஏன் உங்களுக்கு இது இவ்வளவு முக்கியம்? சொல்லுங்கோ."

"அது ஒரு பழக்கம், பிள்ளை" என்றேன்.

 அவள் "ஓகே" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். இந்த நாட்டில் பிள்ளைகள் ஓகே என்று சொன்னால் விஷயம் முடிந்தது, இனி உங்களிடம் கேட்கமாட்டார்கள். அதன்பிறகு அவள் என்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எந்த ஊர் என்பதைக்கூட பூமணியிடம்தான் சொன்னாள். நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து எதை ஒளித்தேனோ, அதுவே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து குந்திக்கொண்டது. சொல்லிவிடலாமா என்று பல தரம் வாயைத் திறந்தேன். எங்கிருந்து தொடங்குவது? அவளுக்கு ஊரே தெரியாது. ஊரைப்பற்றி நான் சொல்லும் முதல் விஷயம் இதுவாகவா இருக்க வேண்டும்?

5

போன கோடையில், வீடு திருப்பும் வேலை தொடங்குவதற்கு முன்பு, சிவஞானம் தொலைபேசி எடுத்தார். நாகேஸ்வரி அக்கா வந்துவிட்டாராம். ஊரைவிட்டு வெளியேறி, இரண்டு மூன்று இடங்களில் இருந்து, கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்து, ஒருவழியாக வந்து சேர்ந்திருக்கிறார். எங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாராம். கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். முன்னால் வாருங்கள் என்று சொல்லவில்லை. சொல்லிக் களைத்துவிட்டேன். அக்காவுக்கு முழங்கால் வருத்தம் என்று வேறு சொன்னார்.

அன்று நான் பின்பக்கத்திலேயே காத்து நின்றேன். பூமணி குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள், சாந்தினி அவளுக்கு உதவியாக நின்றாள். கார் வந்தது. சிவஞானம் இறங்கி மற்றக் கதவைத் திறந்தார். சீலைக்கு மேல் கம்பளிச் சட்டை, செருப்புக்குள் கம்பளி மேஸ், கையில் ஊன்றுபொல்லு. அக்கா மெலிந்து போயிருந்தார். எங்கள் பின்படலைவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டார். குப்பைத் தொட்டியைப் பார்த்தார். கொடியில் காய்ந்த உடுப்புகளைப் பார்த்தார். திறந்திருந்த குசினிக் கதவைப் பார்த்தார்.

"தம்பி, இது இவையின்ரை கோடிப்பக்கமெல்லே?"

"இஞ்சை எல்லாரும் இதாலைதான் அக்கா வாறது" என்றார் சிவஞானம்.

"ஏன், வீட்டுக்கு முன்வாசல் இல்லையோ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் "இருக்கு" என்றேன்.

"இருந்தா, ஏன் என்னை இதாலை கூப்பிடுறீர், தங்கராசா?"

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. இத்தனை காலம் காத்திருந்து நான் பழி தீர்க்கிறேன் என்று நினைக்கிறார். இங்கிலாந்துக்காரர் ஒருவர் காரையும் மனிதனையும் பிரிப்பதற்காகப் போட்ட கோடு, எங்கள் அக்காவின் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை, என் கண்ணுக்கும் பத்து வருஷமாக அப்படித்தானே தெரிந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது சிவஞானத்தின் முகத்தை. முதன்முதலாக அவர் அந்தப் படலையைக் கவனித்தார், பிறகு கதவைக் கவனித்தார். முகம் கறுத்துவிட்டது. வருஷக்கணக்காக முன்னால் வாருங்கள், முன்னால் வாருங்கள் என்று நான் ஏன் சொன்னேன் என்பது அவருக்கு அந்த நிமிடத்தில்தான் பிடிபட்டது.

உள்ளே சாந்தினி பூமணியிடம் "வாட்ஸ் கோடிப்பக்கம், அம்மா?" என்று கேட்பது காதில் விழுந்தது. பூமணியின் மறுமொழி கேட்கவில்லை.

"வாங்கோ அக்கா, முன்னாலை போவம்" என்றேன்.

வீட்டுக்குள்ளால் போனால் நாலு எட்டுத்தான். ஆனால் அது குசினிக் கதவால் உள்ளே போனதாகிவிடும். வரிசை வீடுகளின் கடைசிவரை நடந்து, திரும்பி, நடைபாதையால் வர வேண்டும். சிவஞானமும் பின்னால் வந்தார். "நீ நில்லு" என்று அக்கா அவரிடம் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். அவர் பொல்லை ஊன்றி ஊன்றி மெதுவாக வந்தார், நான் அவருக்குச் சரியாக நடந்தேன்.

"நான் ஒருநாளும் உம்மைக் கோடிப்பக்கம் வரச் சொல்லேல்லை" என்றார், வரிசை முடிகிற இடத்தில்.

"இல்லை, சொல்லேல்லை."

"நீராத்தான் வந்தனீர்."

"ஓம்."

கொஞ்சத் தூரம் போனோம். இந்தக் கேள்வியை நான் மனதுக்குள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். இரவு ஷிப்டில் தபால் பிரிக்கும்போது கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். வாயால் கேட்டது அன்றுதான்.

"நான் முன்னாலை வந்திருந்தா என்ன செய்திருப்பியள் அக்கா?"

அவர் நின்று மூச்சு வாங்கினார். அவசரப்படவில்லை.

"கதவைச் சாத்தியிருப்பன்" என்றார். "அந்த நேரம் வேறை மாதிரிச் செய்ய எனக்குத் தெரியாது."

என் கற்பனையில் அவர் மன்னிப்புக் கேட்பார், அல்லது அப்படியெல்லாம் செய்திருக்கமாட்டேன் என்று மறுப்பார். இப்படிச் சொல்வார் என்று நான் நினைத்திருக்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால், நெடுநாள் போட்டு வைத்திருந்த கணக்கின் விடை சரிதான் என்று தெரிந்த மாதிரி ஒரு தெளிவு வந்தது. உண்மையைச் சொன்ன மனுஷி என்ற மரியாதையும் வந்தது. வேண்டாத நேரத்தில் வந்த மரியாதைதான்.

செரி மரத்தடியால் போய் வாசலை அடைந்தோம். நான் பின்பக்கத்தில் நின்றுவிட்டதால் முன்கதவு உள்ளே பூட்டிக் கிடந்தது. அக்காவும் நானும் படியில் நின்றோம். என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது, சாந்தினி திறந்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் அன்ரியை இவ்வளவு தூரம் நடக்க வைச்சீங்கள்? அவவுக்குக் கால் ஏலாதெல்லே?"

அது ஒரு பழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"உம்மடை அப்பா வாத்தியாரா எங்கடை வீட்டை வரேக்கை, நாங்கள் அவரைக் கோடிப்பக்கத்திலைதான் இருத்தினனாங்கள், பிள்ளை. வீட்டுக்குப் பின்னாலை. தேத்தண்ணியும் வேறை கிளாஸிலைதான் குடுத்தனாங்கள்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். பத்து வருஷமாக நானும் பூமணியும் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயம், வாசற்படியில் அப்படியே வெளியே வந்துவிட்டது.  அக்காவின் வாயைப் பொத்தலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"வேறை கிளாஸ்? ஏன்?" என்றாள் சாந்தினி.

"அவை எங்களுக்கு உடுப்புத் தோய்ச்சுத் தாற ஆக்கள்."

"ஸோ?"

  அந்தக் கேள்வியை அக்காவிடம் அதுவரை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். எங்கள் ஊரில் அது கேள்வியே அல்ல.

சாந்தினி என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்கள் ஏன் அப்பா அங்கை போனீங்கள்?"

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று என்றைக்காவது அவள் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பல மறுமொழிகள் தயாராக இருந்தன. நான் ஏன் போனேன் என்பதற்கு ஒன்றுகூட இருக்கவில்லை.

"பரீட்சைத் தாள் குடுக்க வேணும், பிள்ளை" என்றேன். "போகாட்டிப் பிள்ளையளுக்குப் பரீட்சை நடவாது."

 அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு கதவை முழுவதுமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் முதல் வாங்கோ, அப்பா."

படி ஒடுக்கமானது, இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாது. அக்கா பொல்லை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டார். நான் உள்ளே போனேன்.